பெயரில்லாத பருவம்: தத்துப்பூச்சிக் குஞ்சுகளை அடையாளம் கண்ட வரலாறு

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தென்னாட்டுக் காய்கறிகளைத் தேடி வரும் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் கறிவேப்பிலை, வாழையிலை, முருங்கைக்காய் முதலியன அங்கே கிடைக்கின்றன. அத்தகைய ஓர் இலைக்கட்டின் அடிப்புறத்தில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குப்போல ஏதேனும் ஒட்டியிருந்தால் வாங்குபவர் அதனை மாவுப்பூச்சி என்பார், விற்பவரும் மறுக்கமாட்டார். விரல் பட்டவுடன் அது துள்ளி மறைந்தால் அப்பெயர் பொருந்தாது. மாவுப்பூச்சி ஊர்ந்து செல்லுமே தவிரத் துள்ளாது. மெழுகுப் பஞ்சும் துள்ளலும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் தாவரத் தத்துப்பூச்சி ஒன்றின் குஞ்சாக இருக்கும். அது எந்த இனத்தின் குஞ்சு என்று மேலும் கேட்டால், பயிற்சி பெற்ற பூச்சியியலாளரும் பல வேளைகளில் உடனே விடை சொல்வதில்லை. இந்தத் தயக்கத்துக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

தாவரத் தத்துப்பூச்சிகள் என்பவை ஊசிபோன்ற வாயுறுப்பால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு பெருங்கூட்டம். உலகில் 12,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல் இவற்றுக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு பொதுவாக ஐந்து இளம்பருவ நிலைகளைக் கடந்து, ஒவ்வொரு முறையும் தோலுரித்து, இறுதித் தோலுரிப்பில் சிறகு பெறுகிறது. தமிழில் 'தத்துப்பூச்சி' என்ற சொல் இவற்றையும் இலைத் தத்துப்பூச்சிகளையும் ஒருங்கே குறிக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உணர்கொம்பைப் பார்ப்பது: இலைத் தத்துப்பூச்சிக்கு அது கண்களுக்கு இடையே அல்லது முன்னே மயிரிழைபோல் அமைந்திருக்கும், தாவரத் தத்துப்பூச்சிக்குக் கண்ணுக்குக் கீழே, பருத்த அடிக்கண்ணியுடன் அமைந்திருக்கும். குடும்பம் வரை செல்ல இத்தகைய அடையாளங்கள் துணைபுரியும். இனத்தை அறியும் இடத்தில்தான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

கேள்விப்பட்ட உருமாற்றம்

1699-இல் மரியா சிபில்லா மெரியன் என்னும் ஓவியர் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குப் பயணமானார். புழு எந்தச் செடியைத் தின்கிறது, எப்படிக் கூடு கட்டுகிறது, எந்த வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது என்பவற்றை வளர்த்துப் பார்த்து வரைந்த முன்னோடி அவர். 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய சூரினாம் பூச்சிகள் பற்றிய நூலில் 'விளக்கேந்தி' எனப்படும் பெரிய தாவரத் தத்துப்பூச்சியும் இடம்பெற்றது. சிள்வண்டு வகையைச் சேர்ந்த வேறொரு பூச்சியிலிருந்தே விளக்கேந்தி தோன்றுகிறது என்று அவ்வூர் மக்கள் சொன்னதை அவர் பதிவு செய்தார். சிள்வண்டின் உடலும் விளக்கேந்தியின் தலையும் கொண்ட ஓர் இடைநிலை உருவும் அந்நூலின் ஓவியத் தாளில் காணப்படுகிறது. இயற்கையில் அப்படியொரு பூச்சி இல்லை. அப்பூச்சியின் தலை இருளில் ஒளிவீசும் என்று அவர் எழுதியதும் பின்னர் நிலைபெறவில்லை.

மெரியனின் மற்றப் பக்கங்களுடன் ஒப்பிடும்போதுதான் இந்தப் பிழையின் பொருள் விளங்கும். வண்ணத்துப்பூச்சிகளின் இளமையை அவர் தம் கண்ணெதிரே வளர்த்துக் கண்டார். விளக்கேந்தியின் இளமைக்கோ அவருக்குக் கிடைத்தது பிறர் சொல். வளர்த்துக் காணாத இளம்பருவத்தின் இடத்தை ஊகம் நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு இதுவே முதற்சான்று. இத்துறை அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்க நேர்ந்தது.

ஊசியில் குத்தப்பட்ட முதிர்ச்சி

1758-இல் லின்னேயஸின் இரட்டைப் பெயரிடும் முறை விலங்குகளுக்கும் நிலைபெற்ற பிறகு, பெயர் என்பது பாடம்செய்யப்பட்ட ஒரு மாதிரியுடன் பிணைந்தது. அவருடைய மாணவர் ஃபாப்ரீஷியஸ் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பூச்சிகளுக்குப் பெயரிட்டார். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து பணியாற்றிய கோனிக் போன்றோர் அனுப்பிய மாதிரிகளும் அவர் கைக்கு எட்டின. தென்னிந்தியாவில் எருக்கஞ்செடியிலும் சந்தன மரத்திலும் காணப்படும் யூரிபிராக்கிஸ் டொமென்டோசா என்னும் தத்துப்பூச்சிக்கு 1775-இல் பெயரிட்டவர் அவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காகப் பட்டியல் தயாரித்த ஃபிரான்சிஸ் வாக்கர், பின்னாளில் கரும்பின் கொடிய பகையாக அறியப்பட்ட பைரில்லா பெர்புசில்லாவுக்கு 1851-இல் பெயரிட்டார். வில்லியம் லூகஸ் டிஸ்டன்ட் லண்டனில் இருந்தவாறே பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதிகளில் நாவாய்ப்பூச்சி வரிசைக்கான பகுதிகளை எழுதினார். அவற்றுள் 1906-இல் வந்த மூன்றாம் தொகுதி இந்தியத் தாவரத் தத்துப்பூச்சிகளுக்கு அடிப்படை நூலாயிற்று.

இவர்கள் பணி பெரிது. ஆயினும் அவர்கள் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் சிறகு முதிர்ந்த, உலர்ந்த பூச்சிகள். இனத்தைப் பிரிக்க அவர்கள் பயன்படுத்தியவை சிறகின் நரம்பமைப்பு, நிறம், தலையின் வடிவம் ஆகியன. பிற்காலத்தில் ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பும் சேர்ந்தது. குஞ்சுக்குச் சிறகு இல்லை. இனப்பெருக்க உறுப்பு முதிரவில்லை. உடலின் மென்மையால் ஊசியில் சுருங்கிவிடும், மெழுகு உதிர்ந்துவிடும். ஆகவே வகைப்பாட்டு நூல்களின் அடையாளத் திறவுகோல்கள் முதிர்பூச்சிக்கு மட்டுமே திறந்தன. ஒரே உயிரின் வாழ்நாளில் ஒரு பகுதிக்குப் பெயர் இருந்தது, மறுபகுதிக்கு இல்லை.

உழவரின் பெயரிடல் வேறு வழியில் சென்றது என்பது இங்கே கருதத்தக்கது. நெற்பயிரின் அடித்தண்டில் திரளும் பழுப்புத் தத்துப்பூச்சிக்குத் தமிழில் 'புகையான்' என்று பெயர். பயிர் புகையுண்டதுபோல் கருகும் தோற்றத்தைச் சொல்லும் பெயர் அது. சாற்றைக் குஞ்சும் உறிஞ்சுகிறது, முதிர்ந்ததும் உறிஞ்சுகிறது. ஆதலால் அப்பெயர் இரண்டையும் சேர்த்தே குறித்தது. அழிவைக் கொண்டு பெயரிட்டதால் உழவருக்குப் பருவ வேறுபாடு தடையாகவில்லை. அதே காரணத்தால், ஒரே அழிவை உண்டாக்கும் இரு வேறு இனங்களை அப்பெயரால் பிரிக்கவும் இயலவில்லை. அறிவியல் பெயர் இனத்தைப் பிரித்தது, குஞ்சை விட்டுவிட்டது. மக்கள் பெயர் குஞ்சைச் சேர்த்துக்கொண்டது, இனத்தைப் பிரிக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் தேவை வயலிலிருந்து எழுந்தது.

கரும்புத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள்

1905-இல் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. மேக்ஸ்வெல் லெஃப்ராய் அங்கே பேரரசின் பூச்சியியலாளராகப் பணியாற்றி, 1909-இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலைத் தந்தார். இவர்களுடைய கேள்வி லண்டன் அருங்காட்சியகத்தின் கேள்வி அன்று. 'இதன் பெயர் என்ன' என்பதுடன் 'இது எங்கே முட்டையிடுகிறது, எந்தப் பருவத்தில் அடக்கலாம்' என்பதும் அவர்கள் முன் நின்றது. அதற்குக் குஞ்சை அறியாமல் விடை இல்லை.

பூசாவில் பணியாற்றிய சி. எஸ். மிஸ்ரா 1917-இல் கரும்புத் தத்துப்பூச்சியைப் பற்றித் தனி ஆய்வேடு ஒன்றை வெளியிட்டார். அன்று அப்பூச்சிக்கு வழங்கிய பெயர் பைரில்லா அபெரன்ஸ். ஒரு தாவரத் தத்துப்பூச்சியின் வாழ்க்கை முழுவதையும் தொடர்ந்து எழுதிய தொடக்க கால இந்திய ஆய்வுகளுள் அது ஒன்று. பைரில்லாவின் தாய்ப்பூச்சி முட்டைகளைக் கூட்டமாக இட்டு, வெள்ளை மெழுகிழைகளால் மூடுகிறது. குஞ்சின் வால்முனையில் இரு நீண்ட மெழுகுக் குஞ்சங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கரும்புத் தோகையில் இந்த இரட்டை வாலைக் கண்டவர், சிறகு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இளம்பருவத்தைக் கொண்டே இனத்தைச் சொல்ல முடியும் என்பது இங்கே உறுதியாயிற்று. ஆனால் அந்த உறுதி குஞ்சின் உடலிலிருந்து மட்டும் வரவில்லை. வளர்த்துப் பார்த்த அனுபவம், செடி கரும்பு என்ற தெளிவு, இடம் இது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனைத் தந்தன.

இந்த அறிவின் பயன் அரை நூற்றாண்டுக்குப் பின் முழுமையாக வெளிப்பட்டது. பைரில்லாவின் குஞ்சுகளிலும் முதிர்பூச்சிகளிலும் வெளிப்புறமாக ஒட்டிச் சாறுறிஞ்சும் ஒரு சிற்றந்துப்பூச்சியின் புழு உண்டு. 1939-இல் ஃபிளெட்சர் பெயரிட்ட எபிரிக்கானியா மெலனோலூக்கா அது. 1970-களிலும் அதன் பின்னரும் கரும்பு விளையும் பல மாநிலங்களுக்கு இந்த ஒட்டுண்ணி கொண்டுசெல்லப்பட்டது. இந்திய உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டின் வெற்றிகளுள் ஒன்றாக இம்முயற்சி எண்ணப்படுகிறது. இதிலும் ஓர் அடையாளச் சிக்கல் இருந்தது. ஒட்டுண்ணியின் புழுவும் வெண்மெழுகு பூத்தது. அதன் கூடும் தோகையில் வெண்ணிறமாகவே தெரியும். பைரில்லாவின் முட்டைக் கூட்டமும் வெள்ளை. பகையின் முட்டை எது, நட்பின் கூடு எது என்று பிரித்தறியாமல் மருந்தடிப்பவர் தம் காவலரையே அழித்துவிடுவார். ஒட்டுண்ணி மிகுந்த வயலில் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்கவேண்டும் என்ற அறிவுரையின் அடிப்படை, இலையின் அடியில் உள்ள வெண்மையைச் சரியாகப் படிக்கும் திறனே.

புகையானும் பின்னங்கால் முள்ளும்

1854-இல் ஸ்டோல் பெயரிட்ட பழுப்புத் தத்துப்பூச்சி நீண்ட காலம் சிறு பகையாகவே கருதப்பட்டது. இலங்கையில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1906-இல் டிஸ்டன்ட் 'நீலபர்வதா' என்ற பேரினப் பெயரை ஏற்படுத்தினார். இன்று அப்பூச்சி நீலபர்வதா லூகன்ஸ் என்றே உலகெங்கும் வழங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் குட்டையான, தூர் அடர்ந்த, தழைச்சத்தை மிகுதியாக ஏற்கும் நெல்வகைகள் பரவியபின் நிலைமை மாறியது. 1973-74-இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருந்தொற்றாகப் பரவி நெற்பயிரைச் சூறையாடியது. தமிழகத்திலும் ஆசியாவின் பிற நெல் வட்டாரங்களிலும் அது முதன்மைப் பகையாயிற்று.

வயலில் ஒரே தூரில் புகையானின் குஞ்சும், வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் குஞ்சும், பச்சைத் தத்துப்பூச்சியின் குஞ்சும் சேர்ந்து இருக்கலாம். இளங்குஞ்சுகள் எல்லாம் வெளிறிய நிறத்தன. இவற்றுள் முதலிரண்டையும் பச்சைத் தத்துப்பூச்சியிடமிருந்து பிரிப்பது பின்னங்காலின் முனையில் உள்ள அசையும் பெரிய முள். அவை சேர்ந்த குடும்பத்தின் முத்திரை அந்த முள். குஞ்சிலும் அது உண்டு. பச்சைத் தத்துப்பூச்சிக்கோ பின்னங்கால் நெடுகச் சிறு முட்கள் வரிசையாக இருக்கும்.

பிரித்தறிவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இந்தோனேசியா விடை தந்தது. பரந்த அளவில் அடிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிகள் சிலந்திகளையும் இரைவிழுங்கிப் பூச்சிகளையும் கொன்றன; தண்டின் திசுவுக்குள் இடப்பட்ட முட்டைகள் தப்பின; அவற்றிலிருந்து வந்த குஞ்சுகளை உண்ண எவரும் இல்லாததால் புகையான் முன்னிலும் பெருகியது. 1986-இல் அந்நாட்டின் அதிபர் ஆணை நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளின் பயன்பாட்டைத் தடைசெய்தது. அதன்பின் உழவர்கள் வயலில் இறங்கித் தூரில் உள்ள குஞ்சுகளையும் அவற்றின் பகைவரையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்றனர். எண்ணுவதற்கு முன் அடையாளம் காணவேண்டும். வகைப்பாட்டு நூல்கள் விட்டுவிட்ட பருவம், ஒரு நாட்டின் வேளாண் கொள்கையின் மையத்துக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

செடி பொய்ச்சான்று ஆகும் இடம்

எந்தச் செடியில் இருந்தது என்பது குஞ்சை அறிய நல்ல துணை. ஆனால் அது எப்போதும் போதாது. கேரளத்துத் தென்னை வேர்வாடல் நோயைப் பரப்புவனவற்றுள் ஒன்றாக ஆராயப்பட்ட புரூட்டிஸ்டா மொயெஸ்டா என்னும் தத்துப்பூச்சியைத் தென்னையோலையில் காணலாம். அதன் குஞ்சைத் தென்னையோலையில் தேடினால் கிடைக்காது. அது மட்கும் மரக்கழிவுகளிடையே வளர்கிறது. வேறொரு குடும்பத்தின் குஞ்சுகள் மண்ணுக்குள் வேரை உறிஞ்சி வாழ்கின்றன. தாயும் குஞ்சும் ஒரே செடியில் இருக்கும் என்ற எண்ணத்தோடு தேடுபவர் இவற்றை இணைக்கவே முடியாது. தோட்டச் செடியில் காணப்படும் வெண்மெழுகுக் குஞ்சுக்கு இதன் எதிர்த்திசைச் சிக்கல் உண்டு. அத்தகைய பல இனங்கள் ஒன்றல்ல, பல செடிகளில் சாறுறிஞ்சுபவை. செடியின் பெயரைச் சொன்னால் இனத்தின் பெயர் தானே வந்துவிடாது.

குஞ்சின் உடலைப் படித்தல்

ஆகவே குஞ்சின் உடலையே தனி நூலாகப் படிக்கும் முயற்சி தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவில் ஸ்டீஃபன் வில்சனும், தைவானில் யாங், யே ஆகிய இருவரும் இதனை முறைப்படுத்தினர். தைவான் அறிஞர்களின் குஞ்சுகள் பற்றிய நூல் 1994-இல் வெளிவந்தது. குஞ்சின் உடலில் வட்டமான உணர்குழிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. முதிர்ச்சியில் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். அவற்றின் அமைப்பு, முகத்தின் மேடுகள், பின்பாதத்து முட்களின் எண்ணிக்கை, வயிற்றின் இறுதியில் மெழுகு சுரக்கும் தட்டுகளின் வடிவம் ஆகியவை புதிய எழுத்துகளாயின. முதிர்பூச்சியிடம் இல்லாத அடையாளங்கள் குஞ்சிடம் உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று.

2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பரோஸ், சட்டன் ஆகியோர் அறிவித்த கண்டுபிடிப்பு இதனை உலகறியச் செய்தது. ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் இசஸ் என்னும் தத்துப்பூச்சிக் குஞ்சின் பின்னங்கால்களின் அடியில், ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பற்சக்கரங்கள் உள்ளன. பக்கத்துக்கு 10 முதல் 12 பற்கள். இரு கால்களும் ஒரே கணத்தில் உதைத்துத் துள்ள அவை உதவுகின்றன. இறுதித் தோலுரிப்பில் அவை மறைந்துவிடும். முதிர்பூச்சிகளை மட்டும் ஊசியில் குத்திச் சேர்த்த எந்தத் தொகுப்பிலும் இந்த உறுப்பைக் கண்டிருக்க முடியாது.

2003-க்குப் பின் பரவிய மரபணுக் குறியீட்டு முறை, குஞ்சின் ஒரு காலிலிருந்து பெறும் மரபணுத் துண்டை முதிர்பூச்சியின் துண்டுடன் ஒப்பிட வழிசெய்தது. ஆனால் ஒப்பிடுவதற்கு, சரியாகப் பெயரிடப்பட்ட முதிர்பூச்சியின் பதிவு முன்பே இருக்கவேண்டும். பழைய வகைப்பாட்டாளரின் உழைப்பைப் புதிய முறை நீக்கிவிடவில்லை, அதன்மேல்தான் நிற்கிறது.

இளம்பருவத்தைப் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கா அண்மைச் சான்று. ஆசியாவைச் சேர்ந்த புள்ளி விளக்கேந்திப்பூச்சி 2014-இல் பென்சில்வேனியாவில் கண்டறியப்பட்டது. அதன் குஞ்சு முதல் மூன்று நிலைகளில் கருமை நிறத்தில் வெண்புள்ளிகளுடன் இருக்கும்; நான்காம் நிலையில் சிவப்பு மேலோங்கும்; முதிர்ந்ததோ சாம்பல் நிறச் சிறகு கொண்டது. மூன்றையும் தனித்தனியே காண்பவர் மூன்று பூச்சிகள் என்றே கருதுவார். ஆகவே அங்கே வெளியிடப்பட்ட விளக்கப் படங்களில் முட்டை முதல் முதிர்ச்சி வரை எல்லா நிலைகளும் அருகருகே இடம்பெற்றன.

சந்தையும் தொகுப்பும்

1934-ஆம் ஆண்டு நிலநடுக்கம் பீகாரின் பூசா நிறுவனத்தைச் சிதைத்தது. 1936-இல் நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. பூசா என்ற பெயரும் பூச்சித் தொகுப்பும் உடன் வந்தன. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் தேசியப் பூசா தொகுப்பு இன்றும் உள்ளது. அதே நகரின் தென்பகுதியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் இலைகளும் காய்களும் ஒரே கூடையில் சேர்கின்றன.

இவ்விரு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கலின் முழு வடிவம் தெரியும். தொகுப்பில் உள்ள பூச்சியின் அடியில் சீட்டு உண்டு: ஊர், நாள், செடி, சேகரித்தவர். ஆனால் இத்தகைய தொகுப்புகளின் மரபு முதிர்பூச்சியின் மரபு. சந்தைக் கட்டில் இருப்பதோ உயிருள்ள குஞ்சு. அதற்குச் சீட்டு இல்லை. இலை எந்த ஊரில் பறிக்கப்பட்டது என்பது பல கைகள் மாறியதில் மறைந்துவிட்டது. குஞ்சு அந்த இலைச் செடியில்தான் பிறந்ததா, வழியில் அடுத்த கட்டிலிருந்து துள்ளி வந்ததா என்பதும் தெரியாது. மிஸ்ராவுக்குக் கரும்புத் தோட்டம் தந்த மூன்று சான்றுகளில் இரண்டைச் சந்தை பறித்துவிடுகிறது. எஞ்சுவது வளர்த்துப் பார்த்தல் ஒன்றே.

அதற்கு வேண்டியவை அரிய கருவிகள் அல்ல. கடைசி நிலையில் உள்ள குஞ்சை, அது இருந்த செடியின் பசிய கிளையோடு மெல்லிய துணியுறையில் வைத்துக் காக்கலாம். சில நாள்களில் சிறகு முளைக்கும்போது, உரித்த தோலையும் வெளிவந்த முதிர்பூச்சியையும் ஒரே எண்ணிட்டுச் சேமிக்கவேண்டும். உரிதோலில் முட்களும் உணர்குழிகளும் அப்படியே பதிந்திருக்கும். அதே கூட்டத்தைச் சேர்ந்த மற்றொரு குஞ்சைச் சாராயத்தில் இடுவது நல்லது. மெழுகு அதில் கரைந்தும் உதிர்ந்தும் போகும்; ஆதலால் இடுவதற்கு முன் ஒளிப்படம் எடுக்கவேண்டும். உரிதோல், முதிர்பூச்சி, படம், செடியின் பெயர், இடம், நாள் ஆகிய ஆறும் ஒரே எண்ணின்கீழ் சேர்ந்தால், பெயருள்ள பருவமும் பெயரில்லாத பருவமும் முதன்முறையாக இணைகின்றன.

இந்தியத் தாவரத் தத்துப்பூச்சிகளுள் பயிர்ப் பகைகளாக அறியப்பட்ட சிலவற்றின் குஞ்சுகளே நன்கு ஆராயப்பட்டுள்ளன. தோட்டத்து எருக்கிலும், செம்பருத்தியிலும், வேலியோரச் செடிகளிலும் வாழ்பவை ஆய்வு நிதியை ஈர்ப்பதில்லை. அவற்றால் உழவருக்கு இழப்பும் இல்லை. ஆனால் இன்று தீங்கற்றதாக இருப்பது வேறொரு கண்டத்தில் நாளை பகையாகலாம் என்பதைப் பென்சில்வேனியா காட்டியது. சிறு பகை ஒரே தலைமுறையில் பெரும்பகையாகும் என்பதைக் குட்டநாடு காட்டியது. அந்த நாளில் முதலில் கண்ணில் படுவது குஞ்சாகவே இருக்கும். அதனைப் பூச்சியியல் முதுகலை மாணவர் ஒருவர் தம் விடுதித் தோட்டத்தில் வளர்த்து, உரிதோலோடு சேமித்து வைத்திருந்தால், பெயர் சொல்லும் பணி அங்கேயே முடிந்திருக்கும்.